கரண்ட் வந்தும் சுற்றாத பம்ப்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். கிணற்று மோட்டர், மிக்சி, தையல் மெஷின் என்று வழக்கமானவை இருந்தாலும் மீன்தொட்டிப் பம்ப் பற்றிய கடிதங்கள்தான் கூட. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே முறைப்பாடு: கரண்ட் போகும்வரை நன்றாக ஓடியது, திரும்ப வந்தபோது ஓடவில்லை. ஆகவே இந்த இதழை முழுக்க அதற்கே விடுகிறேன். மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அக்கா, என்னிடம் மூன்றடித் தொட்டி இருக்கிறது. தண்ணீருக்குள் வைக்கிற சர்க்குலேஷன் பம்ப் இரண்டு வருடமாக இரவு பகலாக ஓடியது. போன கிழமை இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லை. வந்ததும் பம்ப் உறுமுகிறது, சுற்றவில்லை. தட்டினால் சிலவேளை ஓடுகிறது. கரண்ட் கூடுதலாக வந்து பம்பை எரித்துவிட்டதா? புதிது வாங்கவா?
– வாசகர் ஒருவர், திருவையாறு, கிளிநொச்சி

பதில்: எரியவில்லை தம்பி. உறுமுகிறது என்றால் கொயிலுக்குள் கரண்ட் போகிறது, கொயில் உயிரோடு இருக்கிறது. காசை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், அதனால் சற்று ஆறுதலாக வாசியுங்கள். வீட்டுத் தொட்டிகளில் இருக்கும் சாதாரண பம்பில் கொயிலைப் பிசினுக்குள் வார்த்துத் தண்ணீர் புகாமல் மூடியிருப்பார்கள். அதன் நடுவே ஒரு குழி. குழிக்குள் விரல் தடிப்பில் ஒரு காந்தம். காந்தத்தின் நடுவால் பீங்கான் ஊசி ஒன்று போகும், அதன் இரண்டு முனையையும் ரப்பர் புஷ் பிடித்திருக்கும். காந்தத்தின் தலையில் விசிறி. இவ்வளவுதான் பம்ப். கார்பன் பிரஷ் இல்லை, பெயரிங் இல்லை. தேய்வதற்கு அதிகம் இல்லாதபடியால்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது.

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கொயிலின் காந்தப் பக்கங்கள் அந்த வேகத்தில் மாறி மாறி வர, நடுவில் இருக்கும் காந்தம் அடி பிசகாமல் கூடவே சுற்ற வேண்டும்: வினாடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3,000 சுற்று. நின்றுகொண்டிருக்கும் காந்தத்தால் அந்த வேகத்தை ஒரே எட்டில் பிடிக்க முடியாது. சுவிட்ச் போட்டதும் அது முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடும். ஊஞ்சலை உந்த உந்த வீச்சுக் கூடுவது போல ஆட்டம் பெருகி, ஏதோ ஓர் உந்தலில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. எந்தப் பக்கம் சுற்றும் என்பதுகூட நிச்சயமில்லை. இந்த வகைச் சின்னப் பம்புகளில் பெரும்பாலும் விசிறி இலைகள் வளைவில்லாமல் நேராக இருப்பது அதனால்தான்.

அந்த முதல் ஆட்டத்துக்கு இடம் வேண்டும். அதற்காகவே விசிறியைக் காந்தத்தோடு ஒட்டிவிடாமல், கிட்டத்தட்ட அரைச் சுற்று வெறுமனே ஆடும்படி விட்டிருப்பார்கள். காந்தம் முதலில் பாரமில்லாமல் ஆடி வேகம் எடுக்கும், பிறகுதான் விசிறியை இழுத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளும். இந்த அரைச் சுற்றுக்குள் சளியும் சுண்ணாம்பும் போய் அடைத்துக்கொண்டால், காந்தம் முதல் நொடியிலேயே முழுப் பாரத்தையும் தூக்க வேண்டும். அதனால் முடியாது. நின்ற இடத்தில் நடுங்கும். நீங்கள் கேட்கிற உறுமல் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கரண்டைத்தான் திட்டுகிறீர்கள். உங்கள் பம்ப் அன்றைக்குப் பழுதாகவில்லை. பல மாதமாக இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் காந்தத்துக்குத் தன் வேகமே பலம், கொஞ்ச உராய்வை அது பொருட்படுத்தாது. நின்று, கொயில் ஆறி, மிதந்த அழுக்கு குழிக்குள் படிந்து, சளி ஒட்டிய பிறகு அதே உராய்வைத் தாண்டி மறுபடி கிளம்ப அதற்குத் தெம்பில்லை. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் இன்னும் சில மாதம் ஓடி, பிறகு ஒருநாள் தானாகவே நின்றிருக்கும்.

சரி, கழற்றுவோம். முதலில் பிளக்கை இழுத்து வெளியே எடுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் கை வைக்காதீர்கள். பம்பை ஒரு பேசினுக்குள் வைத்துக் கழற்றுங்கள். ஓடும் தண்ணீருக்குக் கீழே கழற்றினால் ரப்பர் புஷ் துவாரத்தால் போய்விடும், அது தனியாகக் கடையில் கிடைப்பது அருமை. முன்மூடியை எடுத்ததும் விசிறியைப் பிடித்து நேராக இழுங்கள். காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை விடாது, இழுக்கத்தான் வேண்டும். ஆனால் சரித்து இழுக்க வேண்டாம், பீங்கான் ஊசி டக்கென்று முறியும்.

வெளியே வந்ததும் காந்தத்தை ஒரு கையால் பிடித்து, விசிறியை மற்ற விரலால் திருப்பிப் பாருங்கள். கொஞ்ச தூரம் லேசாகப் போய், ஒரு இடத்தில் தட்டி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கமும் அப்படியே. லேசாகப் போகாமல் எடுத்த உடனேயே இறுக்கமாக இருந்தால் அடைப்பு அங்கேதான்.

வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவாகக் கலந்து, காந்தம், விசிறி, மூடி எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் ஊறப்போடுங்கள். கொயில் குழிக்குள்ளும் அதையே ஊற்றி வையுங்கள், அது தண்ணீர் புகாமல் மூடியதுதான், பயப்பட வேண்டாம். சுண்ணாம்பு இருந்தால் சின்னச் சின்னக் குமிழி வரும். குமிழி நின்றும் வெள்ளை போகாவிட்டால் புதுக் கலவையில் மறுபடி ஊற வையுங்கள். வினாகிரி இல்லையா, தேசிக்காய்ச் சாறும் அந்த வேலையைச் செய்யும். கக்கூஸ் கழுவுகிற அசிட் மட்டும் வேண்டாம். காந்தத்தின் மேற்பூச்சையும் ரப்பரையும் தின்றுவிடும், மிச்சம் மீதி தொட்டிக்குள் போனால் மீனுக்கும் கூடாது. பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் குழியின் அடிவரை துடைத்து, வடிவாகக் கழுவுங்கள். சவர்க்காரம் வேண்டாம்.

கழுவும்போதே காந்தத்தைக் கையில் உருட்டி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பூச்சு வெடித்து, நடுப்பகுதி ஊதினாற்போல் இருந்தால் அது இனிக் குழிக்குள் உரசும். எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, காந்தம் மாற்ற வேண்டும். பீங்கான் ஊசி இரண்டாக முறிந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டும் இல்லையென்றால் பூட்டி, வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஓட விடுங்கள். தண்ணீரில்லாமல் வெறுமனே ஓட விடக்கூடாது. ஓடினதும் திருப்திப்பட்டுவிடாமல் பத்துத் தரம் நிற்பாட்டிப் போடுங்கள். பிறகு அரை மணித்தியாலம் நிற்பாட்டி வைத்து, கொயில் நன்றாக ஆறியபின் போடுங்கள். பத்துத் தரமும் தயங்காமல் கிளம்பினால்தான் தொட்டிக்குள் வைக்கலாம்.

*

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடியே கழுவினேன். ஒரு மாதத்தில் மறுபடியும் வெள்ளை பிடித்துவிட்டது. என் பம்பில் ஏதும் பிழையா, தண்ணீரில் பிழையா?
– வாசகர், பரந்தன்

பதில்: தண்ணீர்தான். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு கூட. கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்காத வீடு குறைவு. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு பட்ட இடத்தில் கல்லாகி ஒட்டும். தொட்டிக்குள் ஓயாமல் சூடாக இருக்கும் இடம் எது? கொயில் குழி. ஆகவே முதலில் அங்கேதான் பிடிக்கும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் ஒன்றை ஊகிக்கிறேன். இது சோளகம் வீசுகிற காலம். தொட்டித் தண்ணீர் கெதியாக வற்றுகிறது, நீங்கள் வற்ற வற்றக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறீர்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பு போகாது, தொட்டியிலேயே நிற்கும். அதன்மேல் நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் இன்னும் கொஞ்சச் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. சில மாதத்தில் தொட்டித் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிடக் கனமாகிவிடும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். வற்றியதை நிரப்புவதற்கு மட்டும் சுண்ணாம்பில்லாத தண்ணீரைப் பாவியுங்கள். இப்போது குடிப்பதற்கென்று விற்கிற ஆர்.ஓ. தண்ணீர் அதற்கு நல்லது. மாரியில் ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீரும் சரி, முதல் மழை கூரையைக் கழுவிப் போனபிறகு பிடித்ததாக இருக்கட்டும். தகரக் கூரைத் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் துத்தநாகம் மீனுக்கு விஷம். அடுத்தது, தொட்டிக்கு மூடி போடுங்கள். கண்ணாடி மூடி போட்டாலே பாதி ஆவி மிஞ்சும். ஆனால் முழுத் தொட்டியையும் ஒரேயடியாக மழைத்தண்ணீருக்கு மாற்றிவிடாதீர்கள். கப்பியும் மோலியும் எங்கள் கனத்த தண்ணீரில் சந்தோஷமாகவே இருக்கின்றன. திடீர் மாற்றம்தான் அவற்றுக்கு ஆகாது.

*

கேள்வி: பம்பின் ஊசிக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் இறுகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். விடலாமா?
– வாசகி, மல்லாவி

பதில்: விடக்கூடாது. தேங்காயெண்ணெயும் கூடாது, கிரீசும் கூடாது. அந்த ஊசிக்கு மசகு தண்ணீரேதான். எண்ணெய் பட்டால் ரப்பர் புஷ் ஊதும், மிச்ச எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகப் படிந்து மீனுக்குக் காற்றைத் தடுக்கும்.

*

கேள்வி: பகலில் கரண்ட் போய்வந்தால் பம்ப் தானாக ஓடுகிறது. இரவு ஏழு எட்டு மணிக்குப் போய்வந்தால் உறுமிக்கொண்டு நிற்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கிறது. கழுவியும் பார்த்துவிட்டேன்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நேரத்தைக் குறித்து எழுதினதால் வேலை சுலபம். நீங்கள் லைனின் கடைசியில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட், ரீவி, ஃபேன் போட்டதும் உங்களுக்கு வந்துசேரும் வோல்ட் குறைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் குறைந்த வோல்ட்டிலும் சமாளிக்கும். நின்ற பம்பைக் கிளப்பத்தான் முழுப்பலம் வேண்டும். விடியப்புறம் வோல்ட் ஏறியதும் தானாகக் கிளம்பிவிடுகிறது.

மீட்டர் வைத்திருக்கும் வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு, இரவு ஏழரைக்கு ஒரு பிளக்கில் அளந்து பாருங்கள். 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது இங்குள்ள விதி, அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. போனால் திகதி, நேரம், அளவு மூன்றையும் ஒரு கிழமைக்கு எழுதி, பில்லில் இருக்கும் கணக்கு இலக்கத்தோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குக் கொடுங்கள். அயல் வீட்டாரும் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது, குளிர்ப்பெட்டி மோட்டர்களும் அதே குறைவில்தான் கஷ்டப்படுகின்றன. அதுவரை, பம்பின் வெளிவாயில் தண்ணீரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி இருந்தால் பாதிக்குக் குறைத்து வையுங்கள். தள்ள வேண்டிய தண்ணீர் குறைந்தால் கிளம்புவது லேசு.

*

கேள்வி: மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன தொட்டி. வெளியே நிற்கிற பெரிய வாளி மாதிரியான பில்டர், அதற்கு மேல் மோட்டர். அன்றைக்குக் காலை தொடங்கிப் பின்னேரம் வரை கரண்ட் இல்லை. வந்ததும் கொஞ்சம் உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது, சந்தோஷப்பட்டேன். ஒரு மாதிரி மணம் வந்தது. விடிய நாலு ஏஞ்சல் மீனும் செத்துக் கிடந்தன. கரண்ட் இல்லாதபோது சாகாத மீன், ஓடினபிறகு ஏன் செத்தது? மகனுக்கு இன்னும் சொல்லவில்லை.
– ஓர் அம்மா, நெடுங்கேணி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் பார்க்காமல் விட்டதால் நடந்ததில்லை இது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். மகனுக்குச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள்.

அந்த வாளிக்குள் இருக்கும் பஞ்சிலும் சல்லியிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. மீனின் கழிவை விஷமில்லாமல் மாற்றுவது அவைதான். அவற்றுக்கும் மூச்சு வேண்டும், அதை ஓடும் தண்ணீர் கொண்டுவருகிறது. ஓட்டம் நின்றால் மூடிய வாளிக்குள் இருக்கிற ஒட்சிசன் கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும். பிறகு அவை சாக, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்கிற வேறு கிருமிகள் தலைதூக்கும். நீங்கள் உணர்ந்தது கூழ்முட்டை மணமாக இருந்தால் அது அவற்றின் வாயுதான். பகல் முழுக்க உள்ளே அழுகிய அந்தத் தண்ணீரைத்தான், கரண்ட் வந்ததும் பம்ப் ஒரேயடியாகத் தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லையென்றால் வாளிப் பில்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வந்ததும் உடனே போடாமல், வாளியைத் திறந்து உள்ளிருக்கும் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றுங்கள். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், கிணற்றடியில் போட்டுத் தேய்க்க வேண்டாம், மிஞ்சிய நல்ல கிருமிகளும் போய்விடும். பிறகு வாளியைத் தொட்டித் தண்ணீரால் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பி மூடினால் மோட்டர் காற்றைக் கடைந்துகொண்டு உறுமும், தண்ணீர் வராது. உங்களுக்கு முதலில் கேட்ட உறுமல் அதுவாகவும் இருக்கலாம். அடுத்த சில நாள் சாப்பாட்டைக் குறைத்து, இரண்டு நாளைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். கிருமிகள் பழையபடி பெருகுவதற்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் மீனுக்கு என்ன செய்வது என்று இன்னும் சிலரும் கேட்டிருந்தார்கள், இதோடு சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கவே இருண்டது. அப்படியான நாட்களில் மீன் சாவது பசியாலில்லை, மூச்சுமுட்டித்தான். 20 பாகைத் தண்ணீரில் லீட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும், எங்கள் 30 பாகைத் தண்ணீரில் ஏழரைதான். இருப்பதே குறைவு. ஆகவே சாப்பாடு போடாதீர்கள், தின்ற மீனுக்கு மூச்சு இன்னும் கூட வேண்டும். தொட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள். ஒரு சாடியால் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து அதே தொட்டிக்குள் ஊற்றுங்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொஞ்ச நேரம் செய்தால் போதும். ஃபோனுக்கு வைத்திருக்கும் பவர் பாங்கில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் இப்போது கிடைக்கிறது. அம்மா, அதை மகனிடம் கேளுங்கள், அனுப்புவார்.

*

கேள்வி: கொன்ட்ரோலர் உள்ள 24 வோல்ட் டி.சி. பம்ப். கரண்ட் வந்ததும் கொன்ட்ரோலரில் லைட் எரிகிறது, பம்ப் ஒருமுறை துள்ளிவிட்டு நிற்கிறது. வேகத்தை மிகக் குறைவாக வைத்துத்தான் ஓட்டுவேன்.
– மாணவர், வவுனியா

பதில்: உங்கள் பம்பில் காந்தம் தானாகத் தாளம் தேடுவதில்லை, கொன்ட்ரோலர் எண்ணி எண்ணித் தள்ளுகிறது. காந்தம் நகரவில்லை என்று கண்டால் சில தரம் முயன்றுவிட்டு, எரியாமல் இருக்கத் தானே நிற்பாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் அடப்டரைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் போடுங்கள், அதன் நினைவு அழியட்டும். போட்டதும் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றுங்கள், கிளம்பினபிறகு குறைக்கலாம். மிகக் குறைந்த வேகத்தில் கிளம்பும் பலமும் குறைவுதான். சாப்பாடு போடும்போது நிறுத்தி வைக்கும் பொத்தான் அமத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் துள்ளிவிட்டு நின்றால் கொன்ட்ரோலருக்கும் பம்புக்கும் இடையிலான இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும். ஒன்றின் பின் பச்சை பிடித்துத் தொடர்பு விட்டால், மற்ற இரண்டால் துள்ள மட்டும்தான் முடியும், சுற்ற முடியாது. பச்சையை வினாகிரி தொட்ட பஞ்சுக்குச்சியால் எடுத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். வயர் தொட்டியை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு வளைவு தொங்க விடுங்கள். வழிகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. இது எல்லாப் பம்புக்கும் பொருந்தும். கழுவுகிற முறை நான் திருவையாற்றுத் தம்பிக்குச் சொன்னதுதான், உங்கள் காந்தம் அதைவிடப் பலமானது, விரலை நசிக்காமல் பாருங்கள்.

*

கேள்வி: பம்பைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. அதற்கு முன் சில நாளாகத் தொட்டிக்குள் கை வைத்தால் லேசாகச் சுள்ளென்று இருந்தது. வயரை டேப் சுற்றி ஓட்டலாமா? ட்ரிப்பைத் தவிர்த்து நேராகக் கொடுக்கலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டும் கூடாது. இதை வாசித்ததும் போய் மெயினை நிற்பாட்டி, அந்தப் பிளக்கை எடுங்கள். கொயிலை மூடியிருக்கும் பிசினோ வயரின் தோலோ வெடித்து, தண்ணீருக்குக் கரண்ட் கசிகிறது. அந்தச் சுள்ளென்றதுதான் எச்சரிக்கை. ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழும், அது விழுந்ததால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கலாம். எந்தப் பம்பையும் பழுதுபார்க்கத்தான் நான் சொல்லுவேன், இதை மட்டும் சொல்லமாட்டேன். வயரை வெட்டிவிட்டு எறியுங்கள். வெட்டாமல் எறிந்தால் யாராவது எடுத்துப் போய்ப் போடுவார்கள்.

*

கேள்வி: எங்கள் பாடசாலைச் சீமெந்துத் தொட்டியில் நீரூற்றுப் பம்ப் ஒன்று இருக்கிறது. ஓகஸ்ட் விடுமுறைக்கு நிற்பாட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது தண்ணீர் வற்றி, பம்ப் வெயிலில் கிடந்தது. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள்.
– ஆசிரியை, மாங்குளம்

பதில்: போட்டுப் பார்க்காமல் முதலில் எழுதினீர்களே, நன்றி டீச்சர். வற்றும்போது கடைசிச் சொட்டில் இருந்த சுண்ணாம்பு முழுக்கக் காந்தத்துக்கும் குழிக்கும் இடையில் கல்லாகியிருக்கும். அந்த நிலையில் போட்டால் கொயில் நின்ற இடத்திலேயே சூடேறும், தண்ணீரும் இல்லாததால் சூடு போக வழியில்லை.

முன்மூடியைக் கழற்றிவிட்டு, பிளக் வெளியே இருக்கும்படி முழுப் பம்பையும் வினாகிரித் தண்ணீருக்குள் ஓர் இரவு வையுங்கள். காலையில் விசிறியை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் கலவையை மாற்றி இன்னும் ஓர் இரவு. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டாம், ஊசி போய்விடும். கழன்று வந்தபிறகு கழுவுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். சுண்ணாம்பில் வினாகிரி பட்டு வரும் குமிழி கரியமிலவாயு என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறார்களே, அதைக் கையிலேயே பார்ப்பார்கள்.

மார்கழி விடுமுறை வருகிறது. தொட்டியில் தண்ணீர் நிற்குமென்றால் பம்பைக் கழற்றத் தேவையில்லை. பாடசாலைக் காவலாளியிடம் சொல்லி நாளுக்கு அரை மணித்தியாலம் ஓட விடுங்கள், காந்தம் இறுகாது. ஆள் இல்லையென்றால் கழற்றி, கழுவி, காந்தத்தை வெளியே எடுத்துக் காயவைத்துத் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றிக் கந்தோர் அலுமாரியில் வையுங்கள். ஓட்டம் நின்ற தொட்டியில் மாரி காலத்தில் நுளம்பு பெருகும், அதனால் கொஞ்சம் கப்பி விட்டுவிட்டுப் போங்கள். பம்புக்கான லைன் ட்ரிப் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறதா என்பதை வயர்மேன் ஒருவர் பார்த்து உறுதிசெய்யும்வரை, பம்ப் ஓடும்போது பிள்ளைகள் தண்ணீரில் கை வைக்க விடாதீர்கள்.